இன்ஜின் எந்தப் பக்கம் இருந்தது?
ஊர் நினைவிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, பள்ளிச் சுற்றுலாவாக மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயிலில் போனோம். ஜன்னலோர இருக்கைக்காக நடந்த சண்டை, கல்லாறைத் தாண்டியதும் முகத்தில் அடித்த குளிர்காற்று, குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுவதும் நிறைந்த புகை, வெள்ளைச் சட்டையில் ஒட்டிய கரித்தூள், ஹில்குரோவ் நிலையத்தில் குரங்கு பறித்துக்கொண்டு போன எலுமிச்சைச் சாதப் பொட்டலம் என எல்லாம் நேற்று நடந்ததுபோல் நினைவிருக்கின்றன. முன்னால் நின்று மூச்சிரைக்க எங்களை இழுத்துச் சென்ற நீராவி இன்ஜினும்தான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஆசிரியராக எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். கரும்பலகையில் படமும் வரைந்தேன். முன்னால் இன்ஜின், பின்னால் மூன்று பெட்டிகள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், இன்ஜின் பின்னாலதானே இருக்கும்? எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா தெரியும். பெட்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போகும்."

அவள் சொன்னதே சரி. நீலகிரி மலை ரயிலில் மேலே ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். ஏறினாலும் இறங்கினாலும் இன்ஜின் எப்போதும் பள்ளத்தின் பக்கமே இருக்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியே கீழே உருண்டு ஓடிவிடக் கூடாது என்பதே காரணம். நானோ, நேரில் பார்த்ததையும் பாடநூல் படங்களில் பார்த்த ரயிலையும் ஒன்றாகக் கலந்து, இத்தனை ஆண்டுகள் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்று நடத்த வேண்டிய பாடத்தை ஒத்திவைத்துவிட்டு, "சாருக்கு ஏன் தவறாக நினைவிருக்கிறது?" என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். அதிலிருந்து உருவானதே இங்கே தரும் பாடம். கடந்த சில ஆண்டுகளாக இதைத் திருத்தித் திருத்தி நடத்திவருகிறேன்.

ஏக்கமும் சான்றும்

ரயில் உள்ள ஊர்களில் பழைய ரயிலைப் பற்றிக் கேட்டால் பெரியவர்களின் முகம் மலரும். "அந்தக் காலத்து ரயில் மாதிரி வருமா?" என்பார்கள். இந்த ஏக்கத்தை நாம் இரண்டு விதமாக வீணடிக்கிறோம். ஒன்று, அதை அப்படியே வரலாறாக ஏற்றுக்கொள்கிறோம். மற்றொன்று, "பழங்கதை" என்று ஒதுக்கிவிடுகிறோம். வகுப்பறைக்கு இரண்டுமே உதவாது. ஏக்கத்தைக் கேள்வியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டால், வரலாற்று ஆசிரியர் கற்பிக்க விரும்பும் அனைத்தும் அதற்குள் கிடைக்கும். யார் சொன்னார்? நேரில் பார்த்தாரா? எந்த ஆண்டில்? வேறு சான்று உண்டா? யாருடைய நினைவு விடுபட்டிருக்கிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் ரயிலின் ஊதல் கேட்டு எழும் எங்கள் மாணவர்களில், அந்த ரயிலில் ஒருமுறையாவது ஏறியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிகளே மலை ரயிலை நிறைத்துவிடுகிறார்கள். உலகம் வியக்கும் ஒரு பொருள் தம் ஊரில் இருந்தும், அது தமக்கு உரியதல்ல என்ற எண்ணத்தோடு குழந்தைகள் வளர்கிறார்கள். இந்தப் பாடம் அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பாடம் ஒரு பார்வையில்

வகுப்பு: 6 முதல் 9 வரை.
காலம்: நான்கு பாடவேளைகள், ஒரு நிலையப் பார்வை.
இணையும் பாடங்கள்: சமூக அறிவியல், கணக்கு, அறிவியல், தமிழ்.
தேவையானவை: குறிப்பேடு, வரைபடத்தாள், பழைய அட்டைப்பெட்டி, பாட்டில் மூடிகள், ஒரு மரப்பலகை.

முதல் பாடவேளை: நினைவுகளைச் சேகரித்தல்

ஒவ்வொரு மாணவரும் வீட்டிலோ தெருவிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் மலை ரயிலைப் பற்றிக் கேட்டு எழுதிவர வேண்டும். கேட்டதைக் கேட்டபடியே, அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். திருத்தி எழுதினால் பாதிச் செய்தி போய்விடும்.

மறுநாள் வகுப்பில் அந்த நினைவுகளை மூன்று குழுக்களாகப் பிரிக்க வேண்டும்: நேரில் பார்த்தவை, பிறர் சொல்லக் கேட்டவை, திரைப்படத்தில் பார்த்தவை. மூன்றாவது குழு உங்களை வியக்க வைக்கும். 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் இறுதிக்காட்சி இந்தப் பாதையில் உள்ள கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது. 'உயிரே' (1998) படத்தில் ரயில் கூரைமேல் ஆடும் பாடலும் இந்த ரயிலில்தான். "மழையில் கேத்தி ஸ்டேஷன்" என்று ஒரு தாய் சொன்ன நினைவு, விசாரித்தபோது திரையரங்கில் பார்த்ததாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது என்பதை மாணவர்கள் கேலியின்றிப் புரிந்துகொள்ள வேண்டும். என் கரும்பலகைப் படத்தையே உதாரணமாகக் காட்டிவிடுவேன். ஆசிரியரின் தவறு முதலில் வந்துவிட்டால், வீட்டுப் பெரியவர்களின் தவறு அவமானமாகத் தெரியாது.

இரண்டாம் பாடவேளை: முரண்படும் நினைவுகள்

என் வகுப்பில் ஒரு பாட்டி, "கரி போட்டு ஓட்டுவாங்க" என்றார். அவருடைய மகன், "இல்ல, ஆயில்தான்" என்றார். வேறொரு தாத்தா, "ஊட்டி வரைக்கும் புகை வண்டிதான்" என்றார். ஒரு மாணவனோ, "குன்னூருக்கு மேலே டீசல் இன்ஜின்தான் சார், நானே பார்த்தேன்" என்றான். யார் சொல்வது உண்மை?

நால்வரும் சொன்னது உண்மையே. ஆண்டுகள்தான் வேறு. நெடுங்காலம் நிலக்கரியே எரிபொருள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்ஜின்கள் எண்ணெயில் ஓடும்படி மாற்றப்பட்டன. ஒரு காலத்தில் ஊட்டி வரை நீராவி இன்ஜினே சென்றது. பின்னர் குன்னூர் – ஊட்டி பகுதிக்கு டீசல் இன்ஜின் வந்தது. ஆக, இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் ஒருவர் பொய்யர் என்று முடிவுகட்டும் முன், "எந்த ஆண்டில் பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் மாணவர்களுக்கு வந்துவிட்டால் போதும், பாடம் வெற்றி.

ஆண்டு தெரியாதவர்களிடம், "உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?", "மூத்த பிள்ளை பிறந்துவிட்டதா?" என்று கேட்கச் சொல்லுங்கள். நாட்காட்டி மறந்தாலும் குடும்பம் மறக்காது.

இப்போது வகுப்புச் சுவரில் ஒரு காலக்கோடு வரையலாம். உறுதியான ஆண்டுகளை மேலேயும், குடும்ப நினைவுகளைக் கீழேயும் எழுத வேண்டும். மேலே எழுதக்கூடியவை:

1854 – மலைக்கு ரயில் அமைக்கும் யோசனை முதலில் எழுந்தது.
1873 – போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அகல ரயில் பாதை வந்தது.
1891 – மலைப்பாதைப் பணி தொடங்கியது.
1899 – குன்னூர் வரை ரயில் ஓடியது.
1908 – ஊட்டி வரை பாதை நிறைவடைந்தது.
2005 – யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. டார்ஜிலிங் மலை ரயில் 1999இலேயே இந்தச் சிறப்பைப் பெற்றிருந்தது. கால்கா – சிம்லா ரயில் 2008இல் இணைந்தது.

"யோசனை வந்து ஊட்டியை அடைய எத்தனை ஆண்டுகள்?" என்று கேளுங்கள். 54 என்று விடை வரும். "ஏன் இவ்வளவு காலம்?" என்ற அடுத்த கேள்வி மாணவர்களிடமிருந்தே வரும். அதுவே அடுத்த பாடவேளையின் வாசல்.

மூன்றாம் பாடவேளை: ஏற்றத்தை அளத்தல்

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். ஏறும் உயரம் 1,877 மீட்டர். 46,000ஐ 1,877ஆல் வகுத்தால் ஏறத்தாழ 24.5 வரும். அதாவது 24.5 மீட்டர் தூரம் சென்றால் 1 மீட்டர் ஏற்றம். இது சராசரி. ஆனால் இந்தப் பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் உள்ளது. சராசரி எதை மறைக்கிறது என்று கண்டுபிடிக்கப் பாதையை மூன்றாக உடைக்கச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் – கல்லாறு: சுமார் 8 கி.மீ. தூரம், சுமார் 80 மீட்டர் உயரம். ஏற்றம் 100க்கு 1.
கல்லாறு – குன்னூர்: சுமார் 20 கி.மீ. தூரம், சுமார் 1,300 மீட்டர் உயரம். ஏற்றம் 15க்கு 1.
குன்னூர் – ஊட்டி: சுமார் 18 கி.மீ. தூரம், சுமார் 490 மீட்டர் உயரம். ஏற்றம் 37க்கு 1.

இதை வரைபடத்தாளில் குறித்துக் கோட்டை இணைத்தால் மலையே எழுந்து நிற்கும். "சாதாரண ரயில் சக்கரம் எந்தப் பகுதியில் திணறும்?" என்று கேட்டால் மாணவர்கள் நடுப்பகுதியைக் காட்டுவார்கள். உண்மையிலும் பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மட்டுமே போடப்பட்டுள்ளது. கணக்கிட்டுக் கண்ட விடை மண்ணில் இரும்பாகப் பதிந்திருப்பதை அறியும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏன் திணறும் என்பது எட்டாம் வகுப்பு உராய்வுப் பாடம். ரயில் சக்கரமும் தண்டவாளமும் வழுவழுப்பான எஃகு. இரண்டும் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவே. சமவெளியில் இந்தக் குறைந்த உராய்வு நன்மை. அதனால்தான் ஓர் இன்ஜின் நீண்ட ரயிலை எளிதாக இழுக்கிறது. மலையில் அதுவே தீமை. சக்கரம் சுழலும், வண்டி நகராது.

இதற்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட தீர்வே இங்கு பயன்படுகிறது. இரு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரண்டு சட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் பல் உள்ள இடத்தில் மற்றொன்றில் இடைவெளி வரும். இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் இவற்றைக் கவ்வி ஏறும். ஒரு பல் விடுபடும்போது இன்னொரு பல் பிடித்துக்கொண்டிருக்கும்.

அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிவு தெரியும். நெளிவு தெரியும் பட்டையைச் சாய்த்து வைத்த பலகையில் ஒட்டுங்கள். இன்னொரு பட்டையைப் பாட்டில் மூடியைச் சுற்றி ஒட்டுங்கள். வெறும் மூடி வழுக்கும் சரிவிலும் நெளிவு ஒட்டிய மூடி பல்லைப் பிடித்து ஏறும். இரண்டு பட்டைகளைச் சற்று முன்பின்னாக ஒட்டினால் ஆப்ட் முறையையே காட்டிவிடலாம். செலவில்லாத கற்றல் கருவி இது.

இந்தப் பாதைக்கான இன்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத் தொழிற்சாலை. அவற்றில் இரண்டு இணை உருளைகள் உண்டு. உயர் அழுத்த ஆவி முதல் இணையில் வேலை செய்து சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அங்கிருந்து வெளியேறும் ஆவி வீணாகாமல் இரண்டாம் இணைக்குள் சென்று பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே ஆவி இரண்டு முறை உழைக்கிறது. ஒரு லிட்டர் நீர் கொதித்தால் சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 1,700 லிட்டர் ஆவியாகும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம். வழி நிலையங்களில் ரயில் ஏன் தண்ணீருக்காக நிற்கிறது என்பது அப்போது புரியும்.

முழுப் பயணத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். வேகத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். "சார், நான் சைக்கிள்ல ஸ்கூலுக்கு வர்றது இதைவிட வேகம்" என்றான் ஒருவன். நல்ல ஒப்பீடு. அவன் குறிப்பேட்டில் அதையே எழுதச் சொன்னேன்.

நிலையப் பார்வை

நிலைய மேலாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, பெற்றோர் ஒப்புதலுடன், நடைமேடையில் மட்டுமே மாணவர்களை நிறுத்த வேண்டும். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது, ரயில் நகரும்போது படம் எடுக்க ஓடக் கூடாது. இந்த இரண்டையும் முந்தைய நாளே பேசிவிடுங்கள்.

பயணம் செய்யாமலே பார்க்க நிறைய உண்டு. அகலப் பாதையும் மீட்டர் பாதையும் ஒரே நிலையத்தில் சந்திக்கின்றன. மீட்டர் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி சரியாக 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையில் 1,676. பெட்டிகளின் அளவு, படிக்கட்டின் உயரம், நிலையக் கட்டடத்தின் மரவேலை, பெயர்ப்பலகையில் உள்ள மொழிகள், கடல்மட்ட உயரம் ஆகியவற்றை மாணவர்கள் பார்த்துப் பதிவு செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்திலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். ஏறும்போது இன்ஜின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்னே பாதை தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட வேண்டும். யானை நிற்கிறதா, கல் விழுந்திருக்கிறதா என்பதை அவர் கண்ணே முதலில் காணும்.

இந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். மாணவர்கள் ஆளுக்கொரு கேள்வி தயாரித்திருந்தார்கள்.

"ஏனுங் தாத்தா, மேல ஏறும்போது பயமா இருக்குமுங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஏத்தத்துல இன்ஜின் பாத்துக்கும் கண்ணு. எறக்கத்துலதான் நாங்க முழிச்சிருக்கோணும். ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு ஆளு பிரேக்குல கை வெச்சு நிப்போம். மழை பேஞ்சா தண்டவாளம் வழுக்கும். எவ்வளவு புடிக்கோணும், எப்ப விடோணும்னு கைக்குத்தான் தெரியும். அதையப் பொஸ்தகத்துல படிக்க முடியாது."

அரை மணி நேரம் பேசினார். எந்த இடத்தில் மழைக்காலத்தில் மண் சரியும், எந்த வளைவில் சக்கரத்தின் சத்தம் மாறும் என்றெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காம் பாடவேளை: யார் பெயர் இல்லை?

இந்தப் பாதையில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் உள்ளன. நிலையங்களின் பெயர்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: கல்லாறு, ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். இவற்றில் எவை ஊர்ப் பெயர்கள், எவை ஆங்கிலேயர் இட்டவை என்று பிரித்துப் பார்க்கலாம்.

இதைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "பாறை உடைச்சவங்க பேரு எந்த ஸ்டேஷன்லயும் இல்லையே சார்?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். அதை வகுப்பில் அப்படியே நிறுத்திவையுங்கள். "வெள்ளைக்காரன் கட்டிய ரயில்" என்று எல்லோரும் சொல்கிறோம். ஆட்சி ஆங்கிலேயருடையது. பல்சக்கர நுட்பமும் இன்ஜினும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவை. பாறையை உடைத்த கைகளும் கல்லைச் சுமந்த தோள்களும் இம்மண்ணின் உழைப்பாளர்களுடையவை. ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை பேர் மறைந்துவிடுகிறார்கள் என்பதை மாணவர்களே அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதிக் கண்டுபிடிக்கட்டும். இது தமிழ்ப் பாடவேளைக்கும் நல்ல பயிற்சி.

அத்தோடு இன்னொரு செய்தியையும் சொல்லுங்கள். திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளர்களே இந்தப் பாதைக்குப் புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டியிருக்கிறார்கள். 2021இல் நிலக்கரியில் ஓடும் இன்ஜின் ஒன்றையும் புதிதாகக் கட்டினார்கள். பழம்பொருள் என்று நாம் ஏங்கும் ஒன்றைப் புதிதாகச் செய்யத் தெரிந்த கைகள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. பாரம்பரியம் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் இரும்பு மட்டுமல்ல, அதைச் செய்யவும் ஓட்டவும் நிறுத்தவும் தெரிந்த மனிதர்களின் திறமையும்தான் என்பது இதில் விளங்கும்.

தொடக்க வகுப்புகளுக்கு

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இதை எளிமையாகச் செய்யலாம். தரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணக்கோடுகள் வரைந்து, குழந்தைகளை ரயிலாக நடக்கச் செய்யுங்கள். ஏறும்போது 'இன்ஜின்' பின்னால், இறங்கும்போது முன்னால். "ஏன்?" என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளே காரணம் சொல்லிவிடுவார்கள். நிலையப் பெயர்களைப் படிப்பது வாசிப்புப் பயிற்சி. ரயில் எழுப்பும் ஒலிகளைச் சொற்களாக்குவது மொழி விளையாட்டு.

மதிப்பீடு

ஆண்டுகளை மனப்பாடமாகக் கேட்கும் தேர்வு வேண்டாம். மாணவர் ஒவ்வொருவரும் தாம் சேகரித்த ஒரு நினைவை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு எழுதட்டும். இது எப்படித் தெரியவந்தது? எதைக்கொண்டு சரிபார்த்தேன்? இன்னும் சரிபார்க்க முடியாதது எது? மூன்றாம் கேள்விக்கு நேர்மையாக எழுதுபவருக்கே கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

உங்கள் ஊரில் மலை ரயில் இல்லையா?

இருக்க வேண்டியதில்லை. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரம் இருக்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியும் இருக்கின்றன. ஜோலார்பேட்டை, அரக்கோணம், விழுப்புரம், போத்தனூர் போன்ற சந்திப்பு ஊர்களில் ரயில்வே குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ரயிலே இல்லாத ஊரில் பழைய பேருந்து நிலையம், நெசவுக்கூடம், உப்பளம், சர்க்கரை ஆலை என ஏதோ ஒன்று இருக்கும். பெரியவர்கள் எதைப் பற்றிப் பேசும்போது பெருமூச்சு விடுகிறார்களோ, அதுவே உங்கள் பாடம்.

ஆனால் தள்ளிப்போட வேண்டாம். எங்கள் பள்ளிக்கு வந்த அந்தப் பெரியவர் சென்ற கோடையில் காலமாகிவிட்டார். இந்த ஆண்டு மாணவர்கள் அவரைப் பார்க்கவில்லை. முந்தைய மாணவர்கள் எழுதிய குறிப்பேட்டைத்தான் படித்தார்கள். அதில் ஒருத்தி, அவர் பிரேக்கைப் பிடித்துக் காட்டிய கையைப் பென்சிலால் வரைந்து, கீழே அவர் பெயரையும் வேலை பார்த்த ஆண்டுகளையும் எழுதி வைத்திருக்கிறாள். இன்ஜின் பின்னால் இருக்கும் என்று என்னைத் திருத்திய அதே மாணவிதான் அவள்.